தானாக மூடிக்கொண்ட சட்டை

கண்ணாடி முன்னால் நின்று பழைய குத்துச்சண்டைக்காரன் ஒருவன் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வெயில் அவனுடைய நசுங்கிய மூக்கில் விழுகிறது. வருஷக்கணக்காகத் தலையில் வாங்கிய குத்தெல்லாம் இப்போது விரல்களில் வந்து நடுங்குகிறது. பொத்தான் போடுவதற்குள் அவனுக்கு அழுகையே வந்துவிடும். கட்டில் ஓரத்தில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரி அவன் தூங்கும்போது பொத்தான்களை மேலே வெறும் அழகுக்குத் தைத்துவிட்டு, அடியில் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்தவள் அவள்தான். கை பட்டதும் சட்டை தானாக மூடிக்கொள்கிறது. அவன் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறான். “அடியே, பாத்தியா! நானே போட்டுட்டேன்!” “பின்ன, நீங்கன்னா சும்மாவா?” “என் மூளை கெட்டுப்போச்சுன்னு சொன்னானே டாக்டர், அவனுக்குத்தான் மூளையே இல்ல!” இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் கட்டிலுக்கடியிலிருந்து தூசி படிந்த கையுறைகளை இழுத்தெடுத்து மாட்டிக்கொள்கிறான். “பாக்ஸிங் மாஸ்டருக்குப் போன் போடு. சாயந்திரமே ரிங்ல இறங்குறேன். இதக் கொஞ்சம் கட்டிவிடு.” இன்னும் ஒரு குத்து விழுந்தால் ஆள் தேறமாட்டார் என்று அதே டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். சட்டையின் சூட்சுமத்தை அவள் இப்போதே சொல்லியாக வேண்டும். அவன் இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்கிறான். அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கு வெகுநாளாகிறது.