துணைக்கு ஒருவர் இலவசம்

"யாராவது கேட்டா என் தம்பி மகள்னு சொல்லிடுங்க," என்று பேருந்தில் ஏறும்போதே பெரியவர் சொல்லிவிட்டார்.

தலையாட்டினேன். ஐம்பது வயதில் எனக்குப் புதிதாக ஒரு பெரியப்பா.

இந்த ஊரில் டாக்ஸி பிடித்தால் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். ரயிலும் அதற்கு இளைத்ததில்லை.

வந்து இறங்கி இரண்டு நாளில் பாதிப் பணம் போக்குவரத்துக்கே போய்விட்டது என்று புலம்பியபோது விடுதிக்காரம்மாதான் வழி சொன்னாள். எழுபது தாண்டியவர்களுக்கு நகரப் பேருந்தில் இலவச அட்டை உண்டு. கூடவே குடும்பத்தில் ஒருவர் சும்மா போகலாம். தெருமுனை நிறுத்தத்தில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் நிற்பார், வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்வார், ஒரு பைசா வாங்கமாட்டார்.

பைசா வாங்காதவர் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகப்படுவதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும்.

பத்து மணிக்கு விசா அலுவலகத்தில் நேர்காணல். தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. கடல் தாண்டி இருக்கும் என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. சண்டை போட ஒரு மாமியார்கூடக் கிடையாது.

பொய் சொல்லிப் பிடிபட்டால் வழியிலேயே இறக்கிவிட்டு அபராதமும் போடுவார்களாம். அதைக் கட்டினால் ஊர் திரும்பக் காசு இருக்காது.

பெரியவர் சும்மாதான் கூட்டிப்போனார். ஆனால் கெடுபிடி அதிகம். விசா அலுவலகத்துக்கு நேராகப் போகும் பேருந்து எங்கள் முன்னாலேயே வந்து நின்றது. அது வேண்டாம் என்றார். ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் இதில்தான் ஏறுவாராம். பின்னால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதுவும் வேண்டாம், வாசலைப் பார்த்த இருக்கைதான் வேண்டும்.

ஓசியில் போகிறவள் வாயைத் திறக்கலாமா? உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தார். முன்பின் தெரியாத எனக்காக ஒரு மனிதர் இப்படிக் காவல் காக்கிறாரே என்று மனம் குளிர்ந்தது.

அப்புறம்தான் விடுதிக்காரம்மா போகிற போக்கில் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. தனியாக வரும் பெரியவர்களைப் பரிசோதகர்கள் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். கூட ஒருவர் இருந்தால்தான் நின்று, உறவு என்ன என்று விசாரிப்பார்கள். எதற்கு வம்பு என்று மற்ற பெரியவர்கள் யாரையும் சேர்ப்பதில்லை. இவர் மட்டும் தேடித் தேடிச் சேர்க்கிறார்.

பெரியவர் பக்கம் குனிந்தேன்.

"செக்கிங் வருமா?"

"இந்த பஸ்ல கண்டிப்பா வரும்மா," என்றார், ஆறுதல் சொல்லும் குரலில்.

சந்தை நிறுத்தத்தில் வந்தேவிட்டது.

பரிசோதகருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீருடையில் மடிப்புக் கலையவில்லை. இடுப்பில் டிக்கெட் மெஷின். பின்பக்கமாக ஏறி, ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களிடம்தான் கடைசியாக வந்தார். வராமலே இறங்கிவிடுவார் என்றுகூட நம்பத் தொடங்கியிருந்தேன்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார். அட்டையை நீட்டினார். பரிசோதகர் அட்டையையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.

"கூட வந்திருக்கறது யாரு?"

மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்க வாயெடுத்தேன். பெரியவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"என் மருமகள்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தலையில் பாதி நரை. இந்த வயதில் இவருக்கு மருமகளாக வேண்டுமென்றால் அந்த மகன் ஒரு கிழவனாக இருக்க வேண்டும். தம்பி மகளுக்கு என்ன குறைச்சல்? நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அபராதமும் நடுவழியும் கண் முன்னால் வந்து நின்றன. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பதும் தெரிந்தது.

பரிசோதகர் என் நரையைப் பார்த்தார். பிறகு முதல் முறையாகப் பெரியவரைப் பார்த்தார்.

"யாருன்னு சொன்னீங்க?"

"மருமகள். எனக்கு ஒரே மகன். அவன் பொண்டாட்டி."

பெரியவருக்குக் குரல் நடுங்கியது. பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றி, மறுபடி கிளம்பியது. பரிசோதகர் அந்த அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மோவாய் லேசாகத் துடித்தது.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்ல உங்களுக்கு ஆறு வருஷமாச்சா, அப்பா?" என்றார். "அவ வீட்லதான் இருக்கா. வந்து அவகிட்ட சொல்லுங்க."

பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இன்னொருவர் வீட்டு விஷயத்தில் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பரிசோதகர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நீங்க எங்கம்மா போகணும்?"

விசா அலுவலகம் என்றேன். பத்து மணிக்குள் போய்விடும், கவலைப்பட வேண்டாம் என்றார்.

அபராதம் போடவில்லை. டிக்கெட்டை மட்டும், நான் ஏறிய நிறுத்தத்திலிருந்தே போட்டுக் கொடுத்தார்.