மிச்ச ஐம்பது நிமிடம்

"சார், அமிர்தராஜ் பண்றது உங்களுக்கே நியாயமா படுதா?"

செல்வமேரி உட்காரக்கூட இல்லை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் பிடித்து நேராக என் அறைக்கு வந்திருந்தார்.

இயற்பியல் துறைத் தலைவர் என்றால் பாதி வேலை பஞ்சாயத்துதான்.

உலோகத் தகட்டுக்குள் நுழையும் எலக்ட்ரான் எப்படிச் சிதறுகிறது? இருவருக்கும் அதுதான் ஆராய்ச்சி. செல்வமேரி ஒவ்வொரு மோதலாகக் கணக்குப் போடுவார். துறையின் ஒரே கம்ப்யூட்டரில் வாரம் இரண்டு முறை, ஆளுக்கு ஒரு மணி நேரம்; அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு நூறு எலக்ட்ரான்தான் முடியும். அமிர்தராஜ் நூறு மோதலை ஒன்றாகச் சேர்த்து ஒரே தாவலாகத் தாவிவிடுவார்.

"பத்து நிமிஷத்துல அவர் வேலை முடிஞ்சிடுது சார். ஆனா ஒரு மணி நேரமும் உள்ளேயே உட்கார்ந்திருக்கார். மார்ச் முப்பத்தொண்ணோட ஆராய்ச்சிக்குன்னு எடுத்த என் லீவு முடியுது. ரெண்டாயிரம் எலக்ட்ரான் இல்லாம தீசிஸ் நிக்காது. ஐநூறு குறையும். மிச்ச நேரத்தைக் கொடுங்கன்னு கேட்டேன். 'ரூல்ல இடமில்லைங்க மேடம்'னு சிரிக்கிறார்!"

ஒருவர் நேரத்தில் இன்னொருவரின் புரோகிராம் துளைத்த கார்டுகளை ஓட்டக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆனாலும் எனக்குக் கோபம் அமிர்தராஜ் மேல்தான் வந்தது.

"வாங்க, கையும் களவுமா பிடிப்போம்."

கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தேன். ஆபரேட்டர் ஜெகபர் சாதிக் பதறி எழுந்தார். அமிர்தராஜ் காலை நீட்டி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேலை முடிஞ்சுதா?"

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு சார்."

"அப்ப மெஷின்ல ஓடறது என்ன?"

கதவைப் பிடித்தபடியே, பக்கத்திலிருந்த பிரிண்டர் தள்ளிய தாளை எட்டிப் பார்த்தேன்.

மேலே செல்வமேரியின் பெயர்.

"இது... என்னோட கார்டு ஓடுது!" என்றார் அவர்.

"ரேக்குல இருக்கற உங்க கார்டுப் பெட்டியைத்தாம்மா எடுத்துப் போடறார்," என்றார் சாதிக். "மூணு வாரமா இப்படித்தான். முதல் கார்டுல இருக்கற தொடக்க எண்ணை மட்டும் மாத்திக்குவார். இல்லேன்னா ஓடின எலக்ட்ரானே திரும்ப ஓடுமாம்."

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா ரூலுக்குப் பயந்து வேணாம்னிருப்பீங்க," என்றார் அமிர்தராஜ். "எனக்கும் இதுல லாபம்தாங்க. நான் தாவித் தாவிப் போறேன். சரியான இடத்துல போய் விழறேனான்னு பார்க்க, நடந்தே போனவங்க ஒருத்தர் வேணுமில்ல?"

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"திட்டறதா இருந்தா உள்ளே வந்து, கதவைச் சாத்திட்டுத் திட்டுங்க சார்," என்றார் அமிர்தராஜ். "ஏ.சி. குளிர் போச்சுன்னா மெஷின் நின்னுடும். மேடத்துக்கு அந்த ஐநூறுல இன்னும் நாப்பது எலக்ட்ரான்தான் பாக்கி."