மூன்றாம் கதவு ரப்பர்

"நில்லுய்யா! பையில என்ன?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் ஃபிட்டர் அப்படியே நின்றுவிட்டான். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் அவனுக்குப் பூனை என்று பேர். இப்போது அவன் முழித்த முழியும் பால் சட்டியை உருட்டிய பூனையின் முழிதான்.

ஷிஃப்ட் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் டர்பைனுக்குக் காற்று போகும் அறையின் மூன்றாம் கதவிலிருந்து வெளியே வருகிறான். தோளில் புடைத்த பை வேறு.

"ஒண்ணுமில்ல சார். தனியா வாங்க, சொல்றேன்."

"தனியா என்னய்யா ரகசியம்? இங்கேயே சொல்லு."

பூனை, பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்தான்.

மடியில் கனமில்லாதவன் எதற்குத் தனியாகப் பேச வேண்டும்? சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வலுத்தது.

காரணம் இருக்கிறது. அந்த டர்பைன் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பில்டர் வழியாக வந்தால் சுத்தமான காற்று. கதவு இடுக்கில் புகுந்தால் தூசியும் கூடவே போய் உள்ளே சுழலும் பிளேடுகளை அரித்துவிடும். அதனால்தான் நான்கு கதவுகளுக்கும் ஓரத்தில் ரப்பர் ஒட்டுகிறார்கள். முந்தாநாள் ஆள் பற்றாக்குறை. மூன்றாம் கதவுக்கு சூப்பர்வைசரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒட்டினார்.

இன்று பத்து மணிக்குப் புகைச் சோதனை. நான்கு கதவும் தேறினால் அவர் உதவி மேனேஜர். மனைவி, பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, தன் அண்ணன் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

பூனைக்கு இதில் என்ன வயிற்றெரிச்சல்? அதுவும் அவருக்குத் தெரியும். போன வருஷம் அவன் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சம்பள உயர்வு நின்றுபோனது. அந்த வன்மத்தைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

"பையைத் தொறய்யா!"

வாட்ச்மேன் பையைக் கவிழ்த்தான். சுருட்டி வைத்த ரப்பர் பட்டை பொத்தென்று விழுந்தது. சூப்பர்வைசர் அடையாளம் கண்டுகொண்டார். அவர் ஒட்டிய அதே பட்டை!

"பாத்தியா! என் ரப்பரைப் பிய்ச்சிருக்கான்!"

"சார், மெதுவா பேசுங்க. ஒரே ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க..."

"எதுக்கு? கால்ல விழவா? நட மேடம்கிட்ட!"

மேனேஜர் மேடம் பொறுமையாகக் கேட்டார். "நீதான் கழட்டினியா?"

"ஆமா மேடம். வேற ரப்பர் ஒட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

பூனை ஓரக்கண்ணால் சூப்பர்வைசரைப் பார்த்தான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல சோதனை முடியட்டும். அப்புறம் பேசலாம்."

பத்து மணிக்குக் காற்றறைக்குள் விசிறியை ஓடவிட்டு, வெளியே கதவு ஓரங்களில் புகை காட்டினார்கள். உள்ளே டார்ச்சோடு நின்றவர் நான்கு முறையும் கதவுக் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்தினார். மூன்றாம் கதவிலும் ஒரு இழை புகை நுழையவில்லை.

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. ஆனாலும் விட மனசில்லை. பூனையையும் இழுத்துக்கொண்டு மறுபடி மேடம் அறைக்குப் போய் அந்தப் பட்டையை மேஜை மேல் போட்டார்.

"ஏதோ சோதனைல தப்பிச்சிட்டான் மேடம். அதுக்காக அனுமதியில்லாம கை வைக்கலாமா? இவனை சும்மா விட்டா நாளைக்கு எவன் வேணா எதையும் பிய்ப்பான்."

மேடம் பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை காய்ந்திருந்த பக்கத்தை விரலால் தடவினார். முகம் மாறிவிட்டது.

"இதைத் தலைகீழா ஒட்டியிருக்காங்க. வெளிக்காத்து அழுத்தினா ரப்பரோட விளிம்பு கதவை இறுக்கிப் பிடிக்கணும். இப்படி ஒட்டினா காத்தே அதை விலக்கிட்டு உள்ள போயிடும். ஒரு மாசத்துல பிளேடு பூரா போயிருக்கும்!" நிமிர்ந்தார். "யாரு ஒட்டினது? அந்த ஆளுக்கு இந்த வருஷம் சம்பள உயர்வும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது."

காலையில் பூனை எதற்காகத் தனியாகக் கூப்பிட்டான் என்பது சூப்பர்வைசருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

பூனை முந்திக்கொண்டான்.

"நான்தான் மேடம். அவசரத்துல திருப்பி ஒட்டிட்டேன். நேத்து சாயங்காலம்தான் கவனிச்சேன். அதான் காலையில வந்து மாத்தினேன். சாருக்கு இது தெரியாது."

மேடம் பெருமூச்சு விட்டு, அவன் பேரை எழுதிக்கொண்டார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவேளை, நீங்க கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கறதால இதெல்லாம் வெளிய வருது."

திறந்த வாயை சூப்பர்வைசர் மூடவில்லை.

"அது என் கடமைதானே மேடம்!" என்றார்.