மதுவந்தி மீண்ட நாள்

மகளின் நிம்மதிக்கு மரகதம் கல்யாணத்தில் கொடுத்த விலை நாற்பது பவுனும் ஒரு பைக்கும். இன்று சீரியலில், மாமியார் பூட்டிவைத்திருந்த மதுவந்தியை அவள் அப்பா கதவை உடைத்து மீட்டுவந்தார். மரகதம் கைதட்டி அழுதாள். மதுவந்தி மீண்டால் தருவதாக வேண்டிக்கொண்டபடி தெருவுக்கே கேசரி கிண்டினாள்.

"அப்பன்னா இப்படி இருக்கணும்டி!"

வீங்கிய கன்னத்தோடு நான்கு நாள் முன்பு புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த மகள் உமையாள் முந்திரியை வறுத்தபடியே கேட்டாள்: "அப்ப நானும் திரும்பிப் போகவேணாமாம்மா?"

"அது கதைடி. உனக்குப் பின்னால தங்கச்சி இருக்கா. நாளைக்குக் காலையில அப்பா கொண்டுவிட்டுருவாரு. முதல்ல இதக் கொடுத்துட்டு வா."

ஒன்பது வீட்டுக்கும் உமையாளே கொண்டுபோனாள். மதுவந்தி பிழைத்ததைச் சொல்லி ஒன்பது பேரும் கண்கலங்கினார்கள். வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாதென்று ஒன்பது கிண்ணத்திலும் சர்க்கரை போட்டுத் தந்தார்கள். கன்னத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.