குழு மாறிய லிஸ்ட்

அன்று பகல் பதினொரு மணிக்கு மரக்காணம் உப்பள ஆபீஸில் இருந்தவர்கள்: மேனேஜர் தெய்வசிகாமணி, கம்ப்யூட்டர் பார்க்கும் அப்பாவு, எடைமேடை யுவராணி, லோடுமேன் சாலமன். வெளியே வெயிலில் பதினான்கு லாரிகள், டிரைவர்களின் கெட்ட வார்த்தைகளோடு.

எந்த லாரி எந்தப் பாத்தியில் உப்பு ஏற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் மணிக்கு ஒரு லிஸ்ட் தயாரிக்கும். அந்த ஃபைல் எடைமேடைக் குழுவின் பெயரில் பிறக்க வேண்டும்; எந்தக் குழுவின் பெயரில் இருக்கிறதோ அந்தக் குழுவினர்தான் அதைத் திறக்க முடியும். ஒரு மாதமாக ஆபீஸ் குழுவின் பெயரில் பிறக்கிறது. யுவராணி திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. ஒவ்வொரு முறையும் அப்பாவு சர்வர் அறைக்குள் ஓடிப்போய்க் குழுவை மாற்றிவிட்டு வருகிறான். மாற்றியதும் வெளியே வந்துவிட வேண்டும். ஆள் மூச்சு விட்டால் மெஷின் சூடாகிவிடும் என்பது மேனேஜரின் விஞ்ஞானம்.

"எவனோ உள்ள பூந்து வேலைய காட்றான் சார்," என்றான் அப்பாவு.

"எவனோ இல்ல, இவன்தான். தெனம் அந்த சர்வர் ரூம் கதவாண்டயே நிக்கிறான்." மேனேஜர் சாலமன் பக்கம் திரும்பினார். "டேய், அங்க உனக்கு இன்னாடா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல சார்."

"அப்போ நாளையிலேர்ந்து இங்கயும் வேலை இல்ல. கெளம்பு."

சாலமன் ஒரு பாதத்தைத் தூக்கிக் காட்டினான். "கதவுக்கு அடியில ஏசி காத்து வருது சார். உப்புத் தண்ணியில காலு வெடிச்சு எரியுது. கொஞ்ச நேரம் காட்டிட்டுப் போவேன், அவ்ளோதான்."

யுவராணி களுக்கென்று சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"ஏசி மெஷினுக்குடா, உன் காலுக்கா? எனக்கே ஃபேன்தான் ஓடுது!"

அப்பாவு குறுக்கே புகுந்தான். "வுட்ருங்க சார், மூணு புள்ளைங்கள வெச்சிருக்கான். அந்த ரூம் சாவிய என்கிட்ட குடுங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நானே உள்ள பூட்டிக்கினு காவல் இருக்கேன். அப்புறம் எவன் கைய வைக்கிறான்னு பாக்கறேன்."

"சாப்பாடு?"

"உள்ளயே துன்னுக்கறேன் சார்."

"மூச்சு?"

"மெதுவா வுடறேன் சார்."

மேனேஜர் நெகிழ்ந்துபோய் மேஜையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "பாத்தியாடா சாலமன்? இவன் மனுஷன்." வேலை தப்பிய சாலமன், அப்பாவுவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்பாவு உள்ளே போனான். ஏசியைப் பதினெட்டில் வைத்தான். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். அந்த ஃபோல்டருக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்து வைத்தால் போதும், அதில் பிறக்கும் ஃபைல் எல்லாம் தானாகவே எடைமேடைக் குழுவுக்குப் போய்விடும். போன மாதம் வரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

சித்திரை வெயில் தாங்காமல் தான் எடுத்துவிட்ட அந்தக் கட்டளையை, ஐப்பசி மழை பிடித்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும், அதுவரை மணிக்கு ஒருமுறை கையாலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி, அப்பாவு கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினான்.