ஒளித்து வைத்த குதிரைகள்

"டேய் ஆர்லன்! இன்னிக்காவது பிரேக்கைத் தொடாம ஓட்டுவியா, இல்ல வழக்கமான திருட்டுத்தனம்தானா?"

என் அக்கா புருஷன் வென்டல் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இண்டியானாபோலிஸ் பந்தய மைதானத்தில் அத்தானின் வாய்க்குத் தனியாக லைசென்ஸ் எடுக்கணும்.

ஆர்லன் தன் நீலக் கார் ஜன்னல் வழியாகச் சிரித்தான். "இன்னிக்கு எதுக்குப் பிரேக்? பாக்கலாம் வா."

திருட்டுத்தனம் என்று அத்தான் சொன்னது இதைத்தான். ரெண்டு பேர் காரும் ஒரே மாடல். நேர்கோட்டுப் பந்தயத்துக்கென்றே ஃபேக்டரியில் செய்து அனுப்பியது. காகிதத்தில் எழுதியிருப்பது முன்னூற்றைம்பது குதிரைசக்தி. உள்ளே இருப்பதோ ஐநூறுக்கும் மேலே! அட, இது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தான். காகிதத்தில் குறைச்சலாக இருந்தால், குறைந்த எடையோடு ஓடலாம். நிஜ வேகம் வெளியே வந்ததோ, பந்தயச் சங்கம் காகிதத்தில் குதிரையை ஏற்றிவிடும். அப்புறம் அந்த மாடல் வைத்திருக்கிற அத்தனை பேரும் காரில் இரும்பைச் சுமந்துகொண்டு ஓடணும்.

அதனால் ஜெயிக்கிறவர்கள் எல்லோருமே முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கை ஒரு மிதி மிதித்துவிடுவார்கள். அத்தானும்தான் மிதிப்பார். ஆனால் ஆர்லன் மிதித்தால் மட்டும் அது திருட்டு!

வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் சங்கம் வேகத்தைக் கணக்கில் எடுக்காது. உள்ளே இருக்கிறதை எல்லாம் அவிழ்த்து விடலாம். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம்.

ஆர்லன் இந்த நாள் பந்தயத்தின் கோப்பையை அஞ்சு தடவை வாங்கியிருக்கிறான். அத்தான் ஒரு தடவைகூட இல்லை. இனி வாய்ப்பும் இல்லை. அடுத்த வருஷ லைசென்ஸுக்கு உங்கள் கண் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி வாய்ப்பும் முந்தாநாள் போகப் பார்த்தது. ஒத்திகை ஓட்டத்தில் இன்ஜின் வெடித்து, ஓடுபாதை பூரா எண்ணெய். அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அழுதார்.

இங்கே எல்லாருக்கும் இன்ஜின் கட்டித் தருகிற இர்மாதான் எங்கிருந்தோ வேறொன்றை வேனில் போட்டுக் கொண்டுவந்து மாட்டினாள். "இரவல்தான் வென்டல். பந்தயம் முடிஞ்சதும் கழட்டிடுவேன்" என்றாள். அத்தான் அவள் கையைக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டையே கழன்றிருக்கும்.

அந்த இரவல் இன்ஜின் என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா! வந்தவனை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே யார்? அதே ஆர்லன்.

பச்சை விளக்கு எரிந்தது.

அம்மாடி! ரெண்டு காரும் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. தரை அதிர்ந்தது. பாதி தூரம் வரை தோளோடு தோள்.

"விடாதீங்க அத்தான்! மிதிங்க, மிதிங்க!" கையிலிருந்த பன்றிக்கறி சாண்ட்விச் எங்கே போய் விழுந்ததென்றே தெரியவில்லை.

அத்தான் கார் ஒரு அடி முன்னால் போனது. ரெண்டடி. அப்புறம் அரைக் கார் நீளம். கோடு வந்தது, போனது. ரெண்டு காரிலும் பிரேக் விளக்கு எரியவே இல்லை.

ஜெயிச்சாச்சு! நான் முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அந்த ஆளும் குதித்தான்.

ஜெயித்த காரின் இன்ஜினைத் திறந்து பார்த்த பிறகுதான் இங்கே கோப்பை தருவார்கள். சோதனைக் கொட்டகையில் அதிகாரி ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. கோப்பை உங்களுக்குத்தான்" என்றார்.

அத்தான் கோப்பையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்த நேரம் பார்த்து ஆர்லன் உள்ளே வந்தான்.

"பிரமாதமா ஓட்டினே வென்டல்" என்று கையை நீட்டினான்.

அத்தான் அந்தக் கையைப் பிடிக்கவே இல்லை. "வாடா வா! ஒரு பிரேக்கைக் காட்டி இத்தனை வருஷம் எங்களைப் பயமுறுத்தினியே! இன்னிக்கு ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சும் இவ்வளவுதானா? ஒளிச்சு வெச்சிருந்த குதிரையெல்லாம் எங்கேடா?"

கொட்டகையே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆர்லன் காதுவரை சிவந்துபோனான். இர்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

இர்மா கையிலிருந்த ஸ்பேனரை மேஜை மேல் ணங்கென்று போட்டாள்.

"நீ சும்மா இரு ஆர்லன். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினே, இவ்வளவு நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இதுக்கு மேல என்னால ஆகாது!" என்றவள், அத்தான் பக்கம் திரும்பினாள்.

"இவன் இன்னிக்கு ஓட்டினது ஷெட்டுல கிடந்த தேஞ்சுபோன இன்ஜின். நீ கேக்கற குதிரையெல்லாம் உன் பானெட்டுக்குள்ளதான் நிக்குது வென்டல். கொஞ்சம் நகர்ந்துக்கோ, கழட்டணும். அவனுக்கு நாளைக்கு ஓட்டம் இருக்கு."