முதல் இலை

மீன்தொட்டியின் மணலில் ஒரு புல்லை நட்டார்கள். தரை முழுக்கப் படர்வதுதான் அதன் வேலை. ஒரே வாரத்தில் இலையெல்லாம் அழுகிக் கரைந்தது.

"அவ்வளவுதானாப்பா உன் கதை?" என்றது நத்தை, அழுகலை மென்றபடி.

"அது காத்துல வளர்ந்த இலை, அண்ணே. தண்ணிக்கு வேற இலை விடணும். கீழே வேர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. இங்கே வெளிச்சம் கம்மி, மூணு மாசமாவது ஆகும்."

மூன்றாம் மாதம் ஒரு குட்டி இலை மணலுக்கு மேலே தலைகாட்டியது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கை ஒன்று அன்றைக்கே உள்ளே இறங்கி, தரை முழுக்கப் பச்சை பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவிட்டுப் போனது.

"அண்ணே, ஒரே இருட்டா இருக்கே! வெளியே யாரோ பேசுறாங்களே, என்னவாம்?"

நத்தை விரிப்பைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

"விருந்தாளிங்கப்பா. புல்லு எவ்வளவு அழகா படர்ந்திருக்குன்னு சொல்றாங்க."